மூளை செல்களை அவசரப்படுத்த முடியுமா?

வாசகர் கடிதம்:

"எங்கள் மகன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இப்போது பதினோரு மாதம். தானாக உட்காருகிறான், வயிற்றால் ஊர்ந்து போகிறான், பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறான். ஆனால் எதையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதில்லை. பிறந்த சமயத்தில் எடுத்த தலை ஸ்கேனில் குறை எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். உறவினர் ஒருவர், 'குறைமாதக் குழந்தைக்கு மூளை செல்கள் முழுசாக முதிர்ந்திருக்காது, வளர்ச்சிக் காரணி ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். என் கணவர் ரத்தத்தில் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் அளவைப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறார். இந்த வளர்ச்சிக் காரணி என்பது என்ன? இன்னும் ஒன்பது வாரம் என் வயிற்றில் இருந்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் போய்விட்டதா? அதை இப்போது வெளியிலிருந்து கொடுக்க முடியாதா?"

குழந்தை நரம்பியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வயதைச் சரியாகக் கணக்குப் போட்டுக்கொள்வோம். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது பிறந்த தேதியிலிருந்து எண்ணுவதில்லை. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் எண்ணுவோம். இரண்டு வயது வரை இதுதான் முறை. உங்கள் மகன் ஒன்பது வாரம் முந்தி வந்தவன், ஆகவே அவனுடைய திருத்திய வயது ஏறக்குறைய ஒன்பது மாதம். ஒன்பது மாதத்தில் தானாக உட்கார்ந்து, ஊர்ந்து, பெயருக்குத் திரும்பும் பிள்ளை நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறான். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது நிறைய குழந்தைகளுக்கு ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் வரும். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது, ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஊசி போட்டுத் தீர்க்க வேண்டிய பிரச்சினை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் உறவினர் மறுபடி கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வளர்ச்சிக் காரணிகள் என்பவை செல்கள் வெளியிடும் சின்னச் சின்னப் புரதங்கள். அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் வேறு செல்களின் மேற்பரப்பில் இருக்கும். புரதம் வந்து ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் வரிசையாகச் சில மாற்றங்கள் நடக்கும். அதன் முடிவில் சில மரபணுக்கள் வேலையைத் தொடங்கும், சில நிறுத்திக்கொள்ளும். பிரிந்து பெருகு, பெருகியது போதும், கிளை விடு, உயிரோடு இரு என்று பல விதமான உத்தரவுகள் இந்த வழியாகத்தான் போகின்றன. செல்லின் வயதைப் பொறுத்து, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஒரே காரணி வெவ்வேறு உத்தரவாக மாறும். கூடக் கொடுத்தால் கூட வளரும் என்ற சத்து மருந்துக் கணக்கு இங்கே செல்லாது. நான் சொல்லவருவது அடிப்படையில் இது ஒன்றுதான், மீதி எல்லாம் இதற்கான விளக்கம்.

இவை கண்டுபிடிக்கப்பட்ட விதமே இதைப் புரிந்துகொள்ள உதவும். இத்தாலியில் 1938-இல் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தபோது ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இளம் மருத்துவருக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடிவிட்டது. அவர் துரின் நகரத்து வீட்டில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக் கருக்களை ஆராய்ந்தார். கருவில் கால் முளைக்கும் மொட்டை வெட்டிவிட்டால் அந்தக் காலுக்குப் போக வேண்டிய நரம்பு செல்கள் குறைந்துபோகின்றன என்பது அதற்கு முன்பே தெரியும். அவை உருவாகவே இல்லை என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். இவர் பார்த்தது வேறு. செல்கள் உருவாகின்றன, இழையை நீட்டிக்கொண்டு கிளம்புகின்றன, பிறகுதான் சாகின்றன. அப்படியானால் காலிலிருந்து ஏதோ ஒன்று வந்து அவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்றைத் தேடி அவர் 1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போய் விக்டர் ஹாம்பர்கருடன் சேர்ந்தார். எலியின் புற்றுக்கட்டி ஒன்றை நரம்பு முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தபோது, முடிச்சைச் சுற்றி ஒளிவட்டம் போல நரம்பிழைகள் ஒரே நாளில் கிளம்பியதை 1952-இல் ரியோ டி ஜெனிரோவில் கண்டார். கட்டியில் இருந்து வரும் பொருள் என்ன என்று பிரித்துப் பார்த்தவர் ஸ்டான்லி கோஹென். இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. கலவையில் இருக்கும் நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காகப் பாம்பு விஷத்தைச் சேர்த்துப் பார்த்தார், இழைகள் முன்பைவிட அதிகமாகக் கிளம்பின. கட்டியில் இருந்ததைவிட விஷத்திலேயே அந்தப் பொருள் அதிகம் இருந்திருக்கிறது! விஷம் சுரப்பது ஒரு வகை உமிழ்நீர்ச் சுரப்பி என்பதால், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தேடினார்கள். அங்கேயும் ஏராளமாகக் கிடைத்தது. அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்ஜிஎஃப். லெவி-மொண்டால்சினிக்கும் கோஹெனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து தெரியவந்த விஷயம் கொஞ்சம் கடுமையானது. கரு வளரும்போது உடம்பு தேவைக்கு மேல் நரம்பு செல்களை உண்டாக்கிவிடுகிறது. பல பகுதிகளில் அவற்றில் பாதி வரை வளர்ச்சியின்போதே செத்துப்போகும். சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்து இணைப்பு ஏற்படுத்திக்கொண்ட செல்லுக்கு அந்த இடத்தில் சுரக்கும் காரணி கிடைக்கிறது, அது பிழைக்கிறது. கிடைக்காத செல் தன்னையே அழித்துக்கொள்கிறது. காரணி வேண்டுமென்றே அளவாகச் சுரக்கப்படுகிறது. எல்லா செல்லுக்கும் போதும் அளவு இருந்தால் தேர்வு நடக்காது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் போட்டி மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளில்தான் இவ்வளவு தெளிவாக நடக்கிறது. மூளைக்குள் கணக்கு இன்னும் சிக்கலானது, அங்கே செல்லின் சொந்தச் சுறுசுறுப்பும் அது பிழைப்பதைத் தீர்மானிக்கிறது.

மூளைக்குள் வருவோம். முதிர்ந்த மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றோடு ஏறக்குறைய அதே அளவில், அவற்றுக்குத் துணையாக வேலை செய்யும் கிளையல் செல்களும் உண்டு. இவை எல்லாம் ஒரே நாளில் ஒன்றாக முதிர்வதில்லை. மூளையின் வெளி அடுக்கான புறணியின் ஆதி செல்கள் முதலில் நியூரான்களை உண்டாக்குகின்றன. போதுமான நியூரான்கள் பிறந்ததும் அந்த நியூரான்களே கார்டியோட்ரோஃபின்-1 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அதைக் கேட்ட ஆதி செல்கள் நியூரான் செய்வதை விட்டுவிட்டு அஸ்ட்ரோசைட் என்ற துணை செல்களைச் செய்யத் தொடங்குகின்றன. நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளின் முறை அதற்கப்புறம்தான். பிள்ளைகளே பெரியவர்களுக்கு 'போதும், இனி அடுத்த வேலை' என்று சொல்வது போன்ற இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை படித்தாலும் ரசிக்கிறேன்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை நாம் கவனிக்க வேண்டியது மூன்றாவதாகச் சொன்ன அந்த உறை போடும் செல்களைத்தான். 24 முதல் 32 வாரம் வரையுள்ள காலத்தில் அவை இன்னும் பாதி முதிர்ந்த நிலையில் இருக்கும். ஆக்சிஜன் குறைவையும் தொற்றையும் தாங்கும் சக்தி அந்த வயதில் அவற்றுக்குக் குறைவு. குறைமாதக் குழந்தைகளின் மூளையில் வெள்ளைப் பகுதி பாதிக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். அப்படி எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள், அது நல்ல செய்தி. உறை போடும் வேலை பிறந்த பிறகுதான் வேகமெடுக்கும், இருபது வயதைத் தாண்டியும் சில பகுதிகளில் நடக்கும். பிறக்கும்போது முழுசாக முதிர்ந்த மூளையோடு எந்தக் குழந்தையும் வருவதில்லை, நிறைமாதத்தில் பிறந்தாலும் அப்படித்தான். அந்த அளவில் உறவினர் சொன்னது உண்மை. ஆனால் அது நோய் கிடையாது.

இந்த உறை போடும் செல்களைப் பற்றி மார்ட்டின் ராஃப் குழுவினர் லண்டனில் 1980-களில் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எலியின் கண் நரம்பிலிருந்து இவற்றின் இளம் செல்களை எடுத்துத் தனியாக வளர்த்தார்கள். தனியாக விட்டவுடன் அவை பெருகுவதை நிறுத்திவிட்டு அப்போதே முதிர்ந்துவிட்டன. பிடிஜிஎஃப் என்ற காரணியைச் சேர்த்ததும் கதை மாறியது. செல்கள் சில தலைமுறைகள் பெருகின, பிறகு உரிய நேரத்தில் நின்று முதிர்ந்தன. அதாவது காரணி இல்லாதபோதுதான் முதிர்ச்சி சீக்கிரம் வந்தது! அதனால் என்ன கெட்டது என்று கேட்கலாம். சீக்கிரம் முதிர்ந்ததால் எண்ணிக்கை குறைந்துபோகும், உறை போட ஆள் போதாது. இந்தக் காரணியின் வேலை முதிர்ச்சியைக் கொண்டுவருவது இல்லை, அதைத் தள்ளிவைப்பது. பெருகுவதை எப்போது நிறுத்துவது என்று சொல்வதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி உங்கள் கணவர் கேட்ட பிடிஎன்எஃப். இதைப் பன்றியின் மூளையிலிருந்து 1982-இல் பிரித்தெடுத்தவர்கள் ஈவ்-அலான் பார்ட், ஹான்ஸ் தோனென் குழுவினர். என்ஜிஎஃப்-க்கு நெருங்கிய சொந்தம். இளம் நியூரான் தன் கிளைகளை நீட்டுவது, மற்ற நியூரான்களோடு சினாப்ஸ் இணைப்பு போடுவது, போட்ட இணைப்பைப் பலப்படுத்துவது, இதிலெல்லாம் பிடிஎன்எஃப்-க்குப் பங்கு உண்டு. இன்னொரு முக்கியமான வேலையும் இருக்கிறது. காபா என்பது வளர்ந்த மூளையில் அடக்கி வைக்கும் வேதிப்பொருள். ஆனால் மிக இளம் மூளையில் அதுவே செல்களைத் தூண்டிவிடும். செல்லுக்குள் இருக்கும் குளோரைடை வெளியேற்றும் பம்பு ஒன்று உருவான பிறகுதான் காபா அடக்கும் வேலைக்கு மாறுகிறது. இளம் நியூரானில் அந்தப் பம்பு கூடுவதற்குப் பிடிஎன்எஃப் உதவுகிறது.

இவ்வளவு நல்ல பொருளாக இருக்கிறதே, கொடுத்தால் என்ன? அதையும் எலியில் செய்து பார்த்திருக்கிறார்கள். பிடிஎன்எஃப் வழக்கத்தைவிட முந்தியும் அதிகமாகவும் சுரக்கும்படி மரபணுவை மாற்றிய எலிக்குட்டிகளைப் பற்றி 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றின் மூளைப் புறணியில் அடக்கும் நியூரான்கள் சீக்கிரமே முதிர்ந்தன, பார்வைக் கூர்மையும் சீக்கிரம் வந்தது. ஆனால் ஒரு கண் மூடியிருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் அந்தப் பிள்ளைப் பருவ நெகிழ்வுக் காலம் இருக்கிறதே, அதுவும் சீக்கிரமே மூடிக்கொண்டது. முதிர்ச்சி முந்தினால் கற்கும் காலம் சுருங்கும். மனித நியூரான்கள் மற்ற உயிரினங்களுடையதைவிட மிக மெதுவாக முதிர்வது ஆராய்ச்சியாளர்களை வெகுநாள் குழப்பியது. மனித நியூரான்களை எலியின் மூளைக்குள் வைத்துப் பார்த்தார்கள். சுற்றியிருக்கும் எலிச் செல்கள் வேகமாக முதிர்ந்தாலும் இவை மாதக்கணக்கில் தங்கள் சொந்த வேகத்திலேயே நகர்ந்தன. இந்த நிதானம் பெருமளவுக்குச் செல்லுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. சின்காப்1 என்ற மரபணுவில் பழுது ஏற்பட்டால் நியூரான்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் முதிரும். அந்தப் பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வருகின்றன. தடியால் அடித்துக் கனியவைத்தது கனி ஆகாது என்று நம் பெரியவர்கள் சொல்வது நியூரானுக்கும் பொருந்தும்.

பிடிஎன்எஃப்-க்கு இன்னொரு முகமும் இருக்கிறது. செல் இதை முதலில் ஒரு நீளமான முன்வடிவமாகச் செய்கிறது, அதை வெட்டிச் சுருக்கினால்தான் இறுதி வடிவம். இறுதி வடிவம் டிஆர்கே-பி என்ற ஏற்பியில் ஒட்டி செல்லைக் காப்பாற்றும். வெட்டாத முன்வடிவம் பி75 என்ற வேறொரு ஏற்பியில் ஒட்டி, இணைப்புகளைத் தளர்த்தவும் சில சமயம் செல்லைச் சாகடிக்கவும் செய்யும். இரண்டுமே மூளைக்குத் தேவை. வேண்டாத இணைப்புகளைக் கழித்துக் கட்டாமல் எந்த மூளையும் ஒழுங்காக வளர்வதில்லை. ஆகவே 'பிடிஎன்எஃப் கூடுதல்' என்று யாராவது சொன்னால், எந்த வடிவம், எந்த இடத்தில், எப்போது என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராது.

ரத்தப் பரிசோதனை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ரத்தத்தில் இருக்கும் பிடிஎன்எஃப்-இல் பெரும்பகுதி பிளேட்லெட்டுகளுக்குள் சேமிக்கப்பட்டது. ரத்தம் உறையும்போது அது வெளியே கொட்டும். எடுத்த ரத்தத்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறும். உங்கள் மகனின் மூளையில் எந்த இடத்தில் எவ்வளவு சுரக்கிறது என்பதை அந்த எண் காட்டாது. ஒன்பது மாதக் குழந்தைக்கு இவ்வளவு இருந்தால் சரி, இதற்குக் கீழே இருந்தால் சிகிச்சை என்று வைத்துக்கொள்ள ஓர் அளவுகோலும் கிடையாது. குழந்தையை அழவைத்து எடுத்த ரத்தம் வீணாகும், அறிக்கையில் ஒரு எண்ணைப் பார்த்து நீங்கள் இருவரும் ஒரு மாதம் தூங்க மாட்டீர்கள், அவ்வளவுதான் பலன்.

ஊசிக்கு வருவோம். எந்த ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. உலகில் பல நாடுகளில் இந்தப் பேச்சோடு விற்பனையாவது செரிப்ரோலைசின். பன்றி மூளைப் புரதத்தைச் சிதைத்து எடுக்கும் பெப்டைடு கலவை. வளர்ச்சிக் காரணிகளைப் போல வேலை செய்யும் என்பது தயாரிப்பாளர்கள் தரப்பு வாதம். அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. பக்கவாதத்துக்கு உள்ளான பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தபோது, இறப்பைக் குறைப்பதில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை, மரணத்தில் முடியாத கடும் பக்கவிளைவுகள் சற்றுக் கூடியிருக்கலாம் என்றும் தெரிந்தது. நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதைப் போடச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வேறு பெயரில் எதையாவது சொன்னாலும் என் பதில் இதுவேதான், குழந்தை மருத்துவர் பெயரையும் உள்ளடக்கத்தையும் பார்க்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம். வாய்வழி மருந்தாக இருந்தால், வளர்ச்சிக் காரணி என்பது புரதம், வயிறு அதை மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும். ரத்தத்தில் போட்டாலோ, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைத் தாண்டுவது பெரிய புரதங்களுக்குக் கஷ்டம்.

தடுப்பைத் தாண்டி நேராக மூளையிலேயே கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் ஸ்வீடனில் அல்சைமர் நோயாளிகள் மூன்று பேருக்கு மூளையின் நீர் அறைக்குள் என்ஜிஎஃப் செலுத்தினார்கள். முதுகு வலியும் எடை இழப்பும் வந்ததால் அந்த முயற்சி நின்றது. என்ஜிஎஃப் வலி உணரும் நரம்புகளையும் உசுப்பிவிடும் என்பது இன்று நமக்கு நன்றாகத் தெரியும். பார்க்கின்சன் நோய்க்கு ஜிடிஎன்எஃப் என்ற காரணியை மூளைக்குள் பதித்த குழாய்கள் வழியாகக் கொடுத்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. ஸ்கேனில் மாற்றம் தெரிந்தது. ஆனால் வெறும் திரவம் கொடுக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டபோது நடமாட்டத்தில் தெளிவான வித்தியாசம் நிரூபணமாகவில்லை. எல்லாமே தோல்வி என்று சொல்ல மாட்டேன். கருவிழியின் நரம்பு செயலிழந்து புண்ணாகும் நோய்க்கு என்ஜிஎஃப் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. அங்கே பிரச்சினை எது என்று தெரியும், இடம் சின்னது, மருந்தை நேராக அங்கேயே விடலாம். ரெட் நோய்க்குறி உள்ளவர்களுக்கு, ஐஜிஎஃப்-1 என்ற காரணியின் ஒரு சின்னத் துண்டைப் போலச் செய்த ட்ரோஃபினெடைடு மருந்துக்கு 2023-இல் அனுமதி வந்தது. அதுவும் குறிப்பிட்ட மரபணு நோய்க்குத்தான், பலனும் மிதமானதுதான்.

வயிற்றில் இருந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் போனதா என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உங்கள் மேலேயே நீங்கள் சுமத்திக்கொள்ளும் பழி தெரிகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 அளவு ஏறிக்கொண்டே போகும். இது மூளையின் வளர்ச்சிக்கும் உறை போடும் செல்களுக்கும் தேவையானது. இதன் மரபணுவே பழுதடைந்து பிறக்கும் மிக அரிய குழந்தைகளுக்குத் தலை சிறுத்திருக்கும், அறிவு வளர்ச்சியும் பின்தங்கும். குறைமாதத்தில் பிறந்ததும் இந்த அளவு சட்டென்று இறங்கும், உண்மைதான். அதை ஊசியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்தவுடனே தொடங்கி, ரத்தக்குழாயில் தொடர்ச்சியாக ஐஜிஎஃப்-1 கொடுத்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவில், குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு குறையவில்லை. கடுமையான நுரையீரல் பாதிப்பு மட்டும் குறைந்திருந்தது. உங்கள் மகன் அவர்களைவிடப் பெரியவனாகப் பிறந்தவன், அந்தக் காலகட்டத்தையும் எப்போதோ தாண்டிவிட்டான். அவன் பால் குடித்து எடை போடத் தொடங்கியதிலிருந்து அவனுடைய கல்லீரலே ஐஜிஎஃப்-1 செய்துகொண்டிருக்கிறது. குழந்தைக்கு ஊட்டம் சேரச் சேர அது தானாக ஏறும். குறைப்பிரசவம் நீங்கள் செய்த எதனாலும் வந்தது என்று நினைக்க உங்கள் கடிதத்தில் எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

தாய்ப்பால் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தாய்ப்பாலில் ஈஜிஎஃப், ஐஜிஎஃப்-1, பிடிஎன்எஃப் எல்லாம் உண்டு. இதைக் காட்டி மாவுகளும் விற்கிறார்கள். பாலில் இருக்கும் ஈஜிஎஃப் முதன்மையாகக் குழந்தையின் குடலில் வேலை செய்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் ஆபத்தான குடல் அழற்சியைத் தாய்ப்பால் குறைப்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தால் தொடருங்கள், நின்றுவிட்டிருந்தால் அதற்காக வருந்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெளியிலிருந்து கொடுத்தால் உண்மையாகவே பலன் தரும் பொருட்களும் இருக்கின்றன. முன்னால் தைராய்டை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? பிறவியிலேயே தைராய்டு ஹார்மோன் குறைந்த குழந்தைக்கு, பிறந்த இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சியைப் பெருமளவு காப்பாற்றலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் பரிசோதனையில் பிடிபடாமல் பிறகு தெரியவருவதும் உண்டு, அதனால் ஒருமுறை மறுபடியும் பார்த்தார்களா என்று பழைய அறிக்கைகளைத் தேடிப் பாருங்கள். அடுத்தது இரும்புச்சத்து. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் குழந்தை இரும்பைச் சேமிக்கும், உங்கள் மகனுக்கு அந்தச் சேமிப்பு குறைவாகத்தான் இருந்திருக்கும். மயலின் உறை போடுவதற்கு இரும்பு தேவை. அவனுக்கு இரும்புச் சொட்டு எழுதிக் கொடுத்திருந்து நடுவில் நிறுத்தியிருந்தால், மருத்துவரைக் கேட்டு மறுபடி தொடங்குங்கள். நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம், இரும்பு மிஞ்சினால் விஷம். கண் விழித்திரைப் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் முடிந்துவிட்டனவா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பார்வையும் ஒலியும் போய்ச் சேராத இடத்தில் நியூரான்களுக்கு முதிரக் காரணமே இல்லாமல் போய்விடும்.

அதற்குக் காரணம் பிடிஎன்எஃப்-இன் ஒரு குணம்தான். நியூரான் சும்மா இருக்கும்போது அது கொஞ்சமாகத்தான் வெளியேறும். நியூரான் வேலை செய்யும்போது, வேலை செய்யும் அதே சினாப்ஸில், தேவையான அளவுக்கு வெளியேறும். அவன் ஒரு பொம்மையை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டி, தவறவிட்டு, மறுபடி நீட்டும்போது அந்த இயக்கத்துக்குரிய இணைப்புகளில் அது சுரக்கிறது. எந்த ஊசியாலும் இவ்வளவு சரியான இடத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது. ஆகவே தரையில் நிறைய நேரம் விடுங்கள். நகர்வு வண்டியில் (வாக்கர்) உட்காரவைத்து நடக்கவைக்க வேண்டாம், அதில் விழும் ஆபத்து உண்டு, நடையும் முந்தி வருவதில்லை. அவனுக்குப் பிடித்த பொருளை உறுதியான, தாழ்வான ஒரு பலகையின் மேல் வைத்தால் எழுந்து பிடிக்க அவனே முயல்வான். அவன் போடும் சத்தத்துக்குப் பதில் சத்தம் போடுங்கள், பேசுங்கள். நன்றாகத் தூங்க விடுங்கள். இதில் அட்டவணை போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் பயிற்சி தருவது தேவையே இல்லை, அவனுக்கும் சலித்துவிடும், உங்களுக்கும் முதுகு போய்விடும்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை எப்போதும் மடக்கியே வைத்திருந்தால், தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டால், நேற்று வரை செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டால், உடனே அழைத்துப் போங்கள். தூங்கி எழும் நேரத்தில் உடம்பு திடீரென்று மடங்கி மடங்கித் தொடர்ச்சியாக உலுக்கினால் அதை மொபைலில் படமெடுத்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், அவனுக்குத் திருத்திய வயது பன்னிரண்டு மாதம் ஆகும்போது, அதாவது பிறந்து பதினான்கு மாதம் முடியும் வாக்கில், வழக்கமான வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனால் போதும். அன்றைக்கு எடையோடு தலைச்சுற்றளவையும் அளந்து வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்க்கட்டும், என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.